ஆண்களே, உங்களுக்கும் ஒரு சிறிய ஆபரேஷன்



குழந்தைகள் போதும் என்று தீர்மானித்ததும் பெண்ணைத்தான் ஆபரேஷனுக்கு அனுப்புகிறோம். அவளுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். ஆணுக்கு வேண்டியதில்லை. 1974-ல் சீன மருத்துவர் லி ஷுன்ச்சியாங் கண்ட முறையில் கத்தி, தையல் கிடையாது. ஊசி போட்டு மரக்கச் செய்து, விதைப்பைத் தோலில் சிறு துளையிட்டு, விந்துக் குழாயைக் கட்டித் துண்டிக்கிறார்கள். பயிற்சி பெற்ற டாக்டர் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம். அன்றைக்கே வீடு திரும்பலாம்.

“மாட்டுக்குக் காயடிக்கிற மாதிரியா சார்?” என்று ஒரு விவசாயி கேட்டார். பலர் மனசில் வைத்துக்கொண்டு கேட்காத கேள்வி! காயடித்தால் விதையே கெட்டுவிடும். இதில் விதை அப்படியே இருக்கிறது. ஆண்மைக்கான ஹார்மோன் ரத்தத்தில் போகிறது, அந்தக் குழாயில் அல்ல. இரண்டு நாள் ஓய்வு போதும். ஒரு வாரம் பாரம் தூக்க வேண்டாம், சைக்கிள் வேண்டாம்.

இதை மட்டும் மறக்காதீர்கள். குழாயில் மிஞ்சிய விந்தணு தீர மூன்று மாதமாகும். எனக்குத் தெரிந்த ஒருவர் அதுவரை நிரோத் உபயோகிக்கவில்லை. மனைவி கருவுற்றாள், ஊர் அவளைச் சந்தேகித்தது. அவர்கள் வீட்டுத் திண்ணையில் அரைநாள் உட்கார்ந்து நான் பேச வேண்டியதாயிற்று. மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து, அணு இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகே நிரோத்தை நிறுத்துங்கள்.