அடகுக் கடையில் இருந்த கிட்டார்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கலைஞர் பிறக்கிறாரா, உருவாக்கப்படுகிறாரா என்பது பழைய கேள்வி. அதற்குள் இன்னொரு சிறிய கேள்வி ஒளிந்திருக்கிறது: அவர் கைக்கு முதல் கருவி எப்படி வந்தது? அதைச் சிந்திக்க, கரீபியத் தீவிலிருந்து இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த ஒரு பாடகியின் வாழ்க்கையை இன்று எடுத்துக்கொள்கிறேன். அவர் பெயர் ஜோன் ஆர்மட்ரேடிங்.

செயின்ட் கிட்ஸ் தீவில் 1950இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. பிழைப்புத் தேடிக் கரீபிய மக்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறினர். பெற்றோர் முன்னே போவதும், பிள்ளைகள் பாட்டிமாரிடம் வளர்வதும் அன்று பல குடும்பங்களின் கதை. ஜோனின் பெற்றோரும் பர்மிங்காம் நகருக்குச் சென்றனர். ஆன்டிகுவாவில் பாட்டியிடம் வளர்ந்த சிறுமி, 1958இல், ஏழு வயதில், அவர்களிடம் வந்து சேர்ந்தாள்.

தந்தையிடம் ஒரு கிட்டார் இருந்தது. மகள் தொட்டுவிடக் கூடாதென்று அதை ஒளித்து வைத்தார். தாயோ, முன்னறைக்கு அழகாக இருக்குமென்று ஒரு பியானோ வாங்கிப் போட்டார். வீட்டுச் சாமானாக வந்த அந்தப் பியானோவில்தான் மகள், கற்பிப்பார் எவருமின்றி, பாடல் புனையத் தொடங்கினாள். பின்னர் அடகுக் கடையொன்றில் ஒரு கிட்டாரைக் கண்டாள். விலை மூன்று பவுண்டு. தாயிடம் பணமில்லை. வீட்டில் கிடந்த பழைய குழந்தை வண்டிகள் இரண்டைக் கொடுத்து அதைப் பெற்றுத் தந்தார். பிள்ளைகளைச் சுமந்து ஓய்ந்த வண்டிகள் ஒரு பெண்ணின் பாட்டாக மாறிய கணம் அது!

பாதை அதன்பின் எளிதாகிவிடவில்லை. குடும்பத்துக்குத் துணையாகப் பதினைந்து வயதில் பள்ளியை விட்டு வேலைக்குப் போனார். தேநீர் இடைவேளைகளில் கிட்டார் வாசித்ததால் முதல் வேலை பறிபோனது. 1970 வாக்கில் 'ஹேர்' என்னும் இசை நாடகக் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகச் சென்றார். அங்கே கயானாவில் பிறந்த பாம் நெஸ்டர் என்ற பெண் தோழியானார். ஒருவர் வரிகளும் மற்றவர் மெட்டுமாக இருவரும் பாடல்கள் படைத்தனர். 1972இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. பெரும்பாலான பாடல்கள் இருவருடையவை. தட்டின் மேலோ ஜோனின் பெயர் மட்டுமே! அந்தக் கூட்டுறவு அத்துடன் முறிந்தது. ஒரு குடியேறியின் வெற்றியைக் கொண்டாடும்போது, அதே வாசலில் நின்றுவிட்ட இன்னொரு குடியேறியையும் நாம் நினைக்க வேண்டும்.

1976இல் தம் பெயரையே தலைப்பாகக் கொண்ட இசைத்தட்டை ஜோன் வெளியிட்டார். அதில் இடம்பெற்ற 'லவ் அண்ட் அஃபெக்ஷன்' பிரிட்டனின் முதல் பத்துப் பாடல்களில் ஒன்றாயிற்று. மேடைப் புகழை அவர் நாடியவரல்லர். கூச்ச சுபாவம் உடையவர். பாட்டு எழுதவே விரும்பினார். எழுதியதைப் பாட வேண்டியிருந்ததால் பாடகியானார். பிறரை உற்றுநோக்கிப் பிறந்தவையே தம் பாடல்களில் பல என்று சொல்லியிருக்கிறார். தன்னுணர்ச்சியே கவிதை என்று நம்பும் நமக்கு இது யோசிக்க வேண்டிய செய்தி.

2007இல் அவருடைய 'இன்டூ தி ப்ளூஸ்' அமெரிக்காவின் பில்போர்டு ப்ளூஸ் வரிசையில் முதலிடம் பெற்றது. முறையான இசைப் பயிற்சி பெறாத அவர் இயற்றிய முதல் சிம்பொனி, 2023 நவம்பரில் லண்டனில் அரங்கேறியது. அப்போது அவருக்கு வயது எழுபத்திரண்டு.

நண்பர்களே, அந்த ஒரே வீட்டில் ஒளிக்கப்பட்ட கிட்டாரும் இருந்தது. பண்டம் மாற்றி வாங்கித் தந்த கிட்டாரும் இருந்தது. ஒளித்தவரைக் கொடியவர் என்று சொல்லமாட்டேன். தம் கருவியை நேசிப்பவர் எவருக்கும் அந்த அச்சம் உண்டு. பத்தாண்டு கண்ட இலக்கிய வட்டத்துக்கும் உண்டு. புதிதாக வந்து பின்வரிசையில் அமரும் ஓர் இளங்கவிஞர் கைக்கு நாம் எதையேனும் கொடுத்தோமா? நாம் வெளியிடும் இந்த மலரில், உழைத்தும் பெயர் விடுபட்டவர் யாரேனும் உண்டா? இவ்விரு கேள்விகளையும் விழாவின் மகிழ்ச்சியோடு சேர்த்து வீட்டுக்கு எடுத்துச் செல்வோம்.