குளிக்கும்போது ஒரு பேச்சு, அடுப்படியில் ஒரு பேச்சு

உங்கள் வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறதா? குளிப்பாட்டும்போது அதனிடம் என்ன பேசுகிறீர்கள் என்று கவனியுங்கள். "கண்ணை மூடிக்கோ... சோப்பு போடலாமா... தலையைத் துவட்டணும்." அடுப்படிக்குப் போனால் பேச்சே வேறு. "சூடு, தொடாதே, ஊதிக் குடி." இடம் மாறினால் சொல்லும் மாறுகிறது.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர் டெப் ராய், தம் வீட்டின் உட்கூரையில் கேமராவும் மைக்கும் பொருத்தினார். 2005-இல் மகன் பிறந்தது முதல் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்தார். எந்தச் சொல்லைப் பிள்ளை சீக்கிரம் பேசினான்? அடிக்கடி கேட்ட சொல்லை மட்டுமல்ல. ஒரே இடத்தில், ஒரே வேளையில், ஒரே வேலையோடு ஒட்டி வந்த சொல் சீக்கிரம் வாயில் வந்தது. வீடு முழுக்கச் சிதறி வந்த சொல் தாமதமானது. இடமும் சேர்ந்துதான் சொல்லித் தருகிறது. எவ்வளவு அருமையான செய்தி!

இன்னொன்று. வீட்டில் யானை இல்லை, கப்பல் இல்லை. படப்புத்தகத்தை மடியில் விரித்தால் இரண்டும் வந்துவிடும். சோறூட்டும்போதும் சட்டை மாட்டும்போதும் பேசுவதைவிட, புத்தகம் பார்க்கும்போது அம்மாக்கள் விதவிதமான சொற்களைப் பேசுகிறார்கள்.

இன்று காய் வாங்கப் போனால் பிள்ளையையும் இடுப்பில் தூக்கிக்கொள்ளுங்கள். தராசைக் காட்டுங்கள். சில்லறையைக் கையில் கொடுங்கள். ஒரு கொத்தமல்லிக் கட்டை மூக்கருகே பிடித்து, அதன் பேரைச் சொல்லுங்கள். நாளைக்கும் அதே கடையில், அதே பேரைச் சொல்லுங்கள்.