10 இன்ச்சா, 12 இன்ச்சா? முதல்ல டிக்கியை அளந்து பாருங்க

சப்வூஃபர் பத்தி நிறைய பேர் கேக்குற கேள்வி ஒண்ணுதான்: "அண்ணா, 10 இன்ச் போடவா, 12 இன்ச் போடவா?" பதிலுக்கு நான் ஒண்ணு கேக்குறேன். உங்க டிக்கில எவ்வளவு இடத்தை விட்டுக்கொடுக்க முடியும்?

ஏன் கேக்குறேன்னா, நான் பட்டவன். என் முதல் காருக்கு, மேல '1200 வாட்ஸ்'னு போட்டிருந்த ஒரு 12 இன்ச் வூஃபரும், கூடவே ரெடிமேட் போர்ட்டட் பாக்ஸும் வாங்கினேன். டிக்கி முழுக்க அதுதான். மூணு மாசத்துல அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன். டிஸ்சார்ஜ் அன்னிக்கு வாக்கர் வைக்க இடமில்லாம, ஆஸ்பத்திரி வாசல்லயே பாக்ஸைக் கழட்டி செக்யூரிட்டி ரூம்ல வச்சிட்டு வந்தேன். அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அதை விடுங்க.

விஷயத்துக்கு வருவோம். வூஃபர் கோன் முன்பக்கம் காத்தைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்குது. ரெண்டும் கலந்தா பேஸ் காணாமப் போயிடும். அதைப் பிரிக்கத்தான் பாக்ஸ். ஆனா அது வெறும் பெட்டி இல்ல, உள்ளே இருக்கற காத்து ஒரு ஸ்பிரிங் மாதிரி கோனைப் பிடிச்சு வைக்கும்.

சீல்டு பாக்ஸ்ல அந்த ஸ்பிரிங் எப்பவும் இருக்கும். 12 இன்ச் வூஃபர் பலதுக்கும் சுமார் 1 கன அடி, அதாவது 28 லிட்டர் போதும். போர்ட்டட் பாக்ஸுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு இடம் வேணும். டியூன் பண்ணின அலைவரிசைக்குப் பக்கத்துல அதிக சத்தம் கொடுக்கும், உண்மைதான். ஆனா அதுக்குக் கீழே போனா ஸ்பிரிங் வேலை செய்யாது. கோன் கட்டுப்பாடில்லாம ஆடும். சப்சானிக் ஃபில்டர் போடாம விட்டா காயில் அடிவாங்கும். என் 12 இன்ச் செத்தது அப்படித்தான்.

இன்னொண்ணு, கார் சின்ன மூடிய இடம். ரொம்பக் கீழே உள்ள பேஸை அதுவே தூக்கிக் கொடுக்கும். சீல்டு பாக்ஸ்ல சத்தம் ஒரு ஆக்டேவுக்கு 12 டெசிபல் வீதம் மெதுவா குறையறதால, வீட்டு ஹால்ல மெலிசா தெரியற பாக்ஸ்கூட காருக்குள்ள நிறைவா கேக்கும். தவில், பறை அடியெல்லாம் இழுவை இல்லாம 'டப்'னு நிக்கும். என் ஓட்டு சீல்டுக்குத்தான்.

சரி, எந்த வூஃபர்? ஆஸ்திரேலியாவுல தீல், ஸ்மால்னு ரெண்டு இன்ஜினியர்கள் வகுத்துக் கொடுத்த அளவுகள் டேட்டாஷீட்ல இருக்கும். எஃப்எஸ்ஸை க்யூஇஎஸ்ஸால வகுங்க. 50க்குக் கிட்டவோ கீழேயோ வந்தா சீல்டு, 100க்கு மேல வந்தா போர்ட்டட், நடுவுல இருந்தா உங்க இஷ்டம். எஃப்எஸ் 30, க்யூஇஎஸ் 0.6னா 50 வரும், சீல்டுக்குப் போங்க. டேட்டாஷீட்டே கொடுக்காத வூஃபரை நான் வாங்க மாட்டேன். வாட்ஸ்ல ஆர்எம்எஸ் மட்டும் பாருங்க, அட்டையில பெருசா இருக்கறது பெரும்பாலும் பீக்.

குடும்பத்தோட போற ஹேட்ச்பேக்குக்கு 10 இன்ச், சீல்டு பாக்ஸ். டிக்கியே தர முடியாதுன்னா சீட்டுக்கு அடியில போற 8 இன்ச் ஆக்டிவ் சப். வயிறு அதிராது, ஆனா பாட்டு முழுசாகும்.

பாக்ஸ் அடிக்கிறவர்கிட்ட 18 எம்எம் எம்டிஎஃப் கேளுங்க, மூலைகள்ல உள்பக்கம் சிலிகான் பூசச் சொல்லுங்க. மழைத் தண்ணி இறங்குற டிக்கின்னா மரைன் பிளைவுட், ஏன்னா எம்டிஎஃப் ஊறிடும். பவர் ஒயருக்கு ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்துலயே இருக்கணும், ஆம்ப் பக்கத்துல இல்ல. ஒயர் நடுவுல எங்கயாவது உரசி ஷார்ட் ஆனா தீப்பிடிக்காம காப்பாத்தறது அதுதான். பாக்ஸை போல்ட் போட்டோ பெல்ட் கட்டியோ நிறுத்துங்க. சடன் பிரேக்ல 15 கிலோ பெட்டி பின்சீட்டுக்கு வரக்கூடாது, அங்க பிள்ளைங்க உக்காந்திருப்பாங்க.

அடுத்த எபிசோடுல ஆம்ப் கெயின் எப்படி வைக்கிறதுன்னு பேசுவோம். அதுவரைக்கும் டிக்கியை அளந்து வைங்க.