பால்வாடி வாசல் வரை

(மகாவீரர் ஜெயந்தி விழாவையொட்டி இரும்புலியூரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பள்ளி என்னும் சொல்லின் வரலாறு இவ்வவைக்குப் புதிதன்று. அறவோர் உறைந்த இடம் பள்ளி. அங்கேயே எழுத்தும் எண்ணும் கற்பிக்கப்பெற்றமையால், கற்கும் இடத்திற்கும் அதுவே பெயராயிற்று. கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரத்தியர் எனப்பெற்ற பெண்பாற் குருமாரின் பெயர்கள் காணப்படுகின்றன. அம்மரபின் வழிவந்த குடும்பங்கள் வாழும் தெருவிலேயே இன்று மூன்று வயதுக் குழந்தைகள் சிலர் பகற்பொழுதெல்லாம் மணற்குவியலின் ஓரத்தில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களைப் பற்றியதே இவ்வுரை.

ஏரியை அடுத்த சிற்றூராக இருந்த இரும்புலியூர் இன்று ஜி.எஸ்.டி. சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் புறவழிச்சாலைக்கும் இடையே நெருங்கிவிட்ட நகர்ப்பகுதி. 2021ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சியாயிற்று. அடுக்ககங்கள் எழுகின்றன, அவற்றை எழுப்புவோர் அவற்றின் காலடியில் தகரக் கொட்டகையில் வாழ்கின்றனர். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர் உளர். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து வந்தவரும் உளர். இந்த அவையில் அமர்ந்திருப்போர் பலருடைய பூர்விக ஊர்களும் அம்மாவட்டங்களில்தாமே உள்ளன! தாய் செங்கல் சுமக்கிறாள். ஏழு வயது அக்காள் மூன்று வயதுத் தம்பியைக் காக்கிறாள். ஒரு குழந்தை பால்வாடிக்குச் செல்லாததால் இரு குழந்தைகளின் கல்வி கெடுகிறது.

அரசு இத்துறையில் ஒன்றும் செய்யவில்லை என்று கூறுதல் பொருந்தாது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கிற்று. தமிழ்நாட்டில் 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதென்று பலரும் எண்ணுகின்றனர். இரண்டு வயது நிரம்பிய மழலைகளும் தொடக்கத்திலேயே அதனுள் அடங்கினர். இன்று மாநிலத்தில் ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. 2019 ஜனவரியில் 2,381 அரசுப் பள்ளி வளாகங்களில் மழலையர் வகுப்புகள் தொடங்கின. 2022இல் அவ்வகுப்புகளை நிறுத்தும் முடிவு வெளிவந்து, எதிர்ப்பு எழுந்தபின் கைவிடப்பெற்றதும் நினைவிருக்கலாம். பெற்றோர் கேட்டதால் நிலைத்த வகுப்புகள் அவை. கொட்டகையில் வாழும் பெற்றோர்க்கோ கேட்கவும் நேரமில்லை.

‘ஆங்கன்’ என்றால் இந்தியில் முற்றம். வீட்டு முற்றத்தில் நடப்பதுபோல் இயல்பாக நடக்க வேண்டிய இடம் என்பது கருத்து. ‘அங்கே சோறு போட்டுத் தூங்க வைக்கிறார்கள், அவ்வளவுதான்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பாட்டும் கதையும் நிறமும் வடிவமும் கற்பிப்பதற்கென ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்னும் பாடத்திட்டமே உண்டு. சோறும் உறக்கமும் அந்த வயதில் கல்விக்குப் புறம்பானவையும் அல்ல. 1939இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி, தம் முதற் குழந்தைகள் இல்லத்தை 1907இல் ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில்தான் தொடங்கினார். அவர் பெயரைத் தாங்கிய பள்ளிகளில் இன்று யாருடைய பிள்ளைகள் பயில்கின்றனர் என்பது வேறு கதை.

மையம் இருந்தும் குழந்தை வெளியே இருப்பது ஏன்? வாசல் வரை அழைத்துச் செல்ல ஆளில்லை. காரணம் பெரும்பாலும் இவ்வளவே. நடுவே பெருஞ்சாலை அல்லது இருப்புப்பாதை. தாய் வேலைக்குப் புறப்படும் நேரத்தில் மையம் திறப்பதில்லை. மொழி தெரியாத தாய்க்கு அவ்விடம் யாருக்கானது என்பதே விளங்குவதில்லை. ரேஷன் அட்டையோ ஆதாரோ இல்லாதவர், கேளாமலேயே இல்லையென்று முடிவு செய்துகொள்கின்றனர். சட்டம் அவ்வாறு கூறவில்லை. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு அங்கன்வாடி உணவு உரிமை. குடிசைப் பகுதியில் ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்து மையம் இல்லையெனில், மக்கள் கேட்ட மூன்று மாதத்திற்குள் அமைத்துத் தர வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணையிட்டது.

1969இல் தில்லியில் மீரா மகாதேவன், கட்டடப் பணி நடக்கும் இடத்திலேயே கூடாரம் அமைத்துத் தொழிலாளர் குழந்தைகளைக் காத்தார். மொபைல் கிரெஷஸ் என்னும் அமைப்பு அவ்வாறே பிறந்தது. ஓர் அறக்கட்டளையால் அத்தனையும் ஆகாது, ஆக வேண்டியதுமில்லை. கொட்டகைக் குழந்தைகளின் பெயரையும் வயதையும் ஏட்டில் எழுதுவது, மையப் பணியாளரைச் சென்று காண்பது, முதல் பத்து நாள் காலையில் அக்குழந்தைகளின் கையைப் பிடித்துச் சாலை கடப்பிப்பது ஆகியவற்றுக்குப் பணம் தேவையில்லை. ஓய்வு பெற்ற பெரியவர்கள் இவ்வூரில் நிறைய உளர். இந்தி அறிந்த இளைஞர் ஒருவர் உடன் சென்றால் தாயின் அச்சம் பாதி தீரும்.

வெளிப்படையாகப் பேச வேண்டிய ஒன்று உண்டு. முட்டை வழங்கும் மையத்திற்கு நம்மவர் உதவுவது எங்ஙனம் என்னும் தயக்கம். கொல்லாமையைக் குலதர்மமாகக் கொண்டோர் முட்டைக்குப் பொருள் தர வேண்டியதில்லை. தருமாறு யாரும் கேட்கப்போவதும் இல்லை. அது அரசின் செலவு. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருவதும் இத்திட்டத்தின் வழக்கமே. பாயும் பலகையும், விளையாட்டுப் பொருளும், குடிநீர்ப் பானையும், மாதம் ஒருநாள் சுண்டலும் நம்முடையனவாக இருக்கலாம். முட்டையைக் காரணம் காட்டி மையத்தின் பக்கமே செல்லாதிருந்தால் இழப்பு குழந்தைக்குத்தான். ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என நான்கு தானங்களை நம் நூல்கள் கூறும். ஒரு மழலை பால்வாடிக்குள் அடியெடுத்து வைக்கையில் அந்நான்கும் ஒருங்கே அதனை அடைகின்றன.

கோடை விடுமுறை கழிந்து மையங்கள் மீண்டும் இயங்கும்போது பெயர்ப்பட்டியல் கையில் இருத்தல் வேண்டும். ஆகவே தெருவாரியாகக் கணக்கெடுக்கும் வேலை இம்மாதமே தொடங்கட்டும். கட்டடம் முடிந்ததும் அக்குடும்பங்கள் வேறிடம் பெயர்ந்துவிடும். அப்போது குழந்தையின் பதிவைப் புதிய ஊரின் மையத்திற்கு மாற்றிக்கொள்ள வழியுண்டு என்பதை, மூட்டை கட்டும் முன்பே தாயிடம் சொல்லிவைக்க வேண்டும்.