வீதி ஒழுங்கும் புகையிரதக் கடவையும்



வீதி எல்லார்க்கும் பொதுவான உடைமை. பாரவண்டிச் சாரதிக்கு அதில் எவ்வளவு உரிமை உண்டோ, அவ்வளவு உரிமை துவிச்சக்கரவண்டியிற் பாடசாலைக்குச் செல்லும் சிறுமிக்கும் உண்டு. பொதுவிடத்தில் ஒவ்வொருவரும் தத்தம் மனம்போல நடப்பாராயின் ஒருவர்க்கும் வழி கிடையாது. இது கருதியே சட்டம் பிறந்தது. இலங்கையில் வீதிப் போக்குவரத்துக்கு அடிப்படையாய் அமைந்தது, 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டமாகும்.

வாகனங்கள் இடப்பக்கமாகச் செல்லவேண்டும். மோட்டார் சைக்கிளிற் பின்னால் இருப்பவரும் தலைக்கவசம் அணியவேண்டும். மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டலாகாது. மஞ்சட் கடவையில் நடப்போர்க்கு வழிவிடவேண்டும். இவற்றை அறியாதார் அரியர். ஆயினும், புகையிரதக் கடவையிலே கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு மட்டும், சிறப்பாக வடபகுதியில், பலராலும் மறக்கப்பட்டுள்ளது. அதற்குத் தக்க காரணமும் உண்டு.

காங்கேசன்துறையையும் கொழும்பையும் இணைக்கும் இருப்புப்பாதை 1905ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. வண்டியின் கூவலைக் கேட்டே பொழுதறிந்த குடும்பங்கள் அந்நாளிற் பல. பின்னர், போர் காரணமாக, 1990இல் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, பாதையிற் புல்லும் பற்றையும் மண்டின. 2014 ஒக்டோபரிலேயே வண்டி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளிற் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், இருபுறமும் பார்த்துக் கடவையைக் கடக்கும் பழக்கத்தை யாரிடம் கற்பர்? பாதை மீண்டது, பழக்கம் மீளவில்லை.

கடவைகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. சிலவற்றில் படலையும் காப்பாளரும் உண்டு. சிலவற்றில் மணியும் விளக்கும் உண்டு. ஒழுங்கைகள் சிலவற்றில் அறிவிப்புப் பலகை ஒன்றே காவல். வேலியும் பனைவடலியும் மறைத்து நிற்க, வண்டி அண்மையில் வந்த பின்னரே கண்ணுக்குப் புலனாகும் இடங்களும் உள்ளன.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் புகையிரதம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் கடக்கிறது. முந்நூறு மீற்றர் தூரத்திற் கண்ட வண்டி பதினெட்டுச் செக்கனிற் கடவைக்கு வந்துவிடும். பெரிய உருவம் தொலைவிலிருந்து நேரே வரும்போது மெல்ல வருவதுபோலத் தோன்றுவது கண்ணின் இயல்பு. அத்தோற்றத்தை நம்பியே பலர் விரைந்து கடக்க முற்படுகின்றனர். இரும்புப் பாதையில் ஓடும் இரும்புச் சில்லுகளை உடனே நிறுத்தவும் இயலாது; பேருந்தைப்போல் ஒருபுறம் திருப்பவும் இயலாது. ஆதலால் ஒதுங்கவேண்டியது வீதியிற் செல்வோரே.

2005 ஏப்ரலில், பொல்கஹவெலப் பகுதியிலே, மூடியிருந்த கடவையைக் கடக்க முயன்ற தனியார் பேருந்தொன்று புகையிரதத்துடன் மோதியது. முப்பதுக்கு மேற்பட்ட பயணிகள் மாண்டனர். அவசரப்பட்டவர் சாரதி, விலை கொடுத்தவர்களோ, பயணச்சீட்டு வாங்கி ஆசனத்தில் அமர்ந்திருந்தவர்கள். ஆகவே, சாரதி தவறும்போது நிறுத்தச் சொல்லும் உரிமை பயணிகளுக்கும் உண்டு. அது நாகரிகக் குறைவன்று.

செய்யவேண்டியவை சிலவே. கடவைக்கு முன்னே வண்டியை நிறுத்துக. கைத்தொலைபேசியையும் பாட்டையும் நிறுத்தி, இருபுறமும் பார்த்துச் செவிகொடுத்துக் கேட்க. மறுகரையில் இடமில்லையெனின் தண்டவாளத்துள் நுழையாதிருக்க. வாகனம் இடையில் நின்றுவிட்டால், முதலில் ஆட்களை இறக்கிப் பாதைக்கு அப்பால் அனுப்புக. பொருளை நினைப்பது பின்னர். பொலிசாரை அழைக்க 119 என்ற இலக்கமும், நோயாளர் வண்டியை அழைக்க 1990 என்ற இலக்கமும் வீட்டிலுள்ள சிறுவர்க்கும் மனனமாயிருத்தல் நன்று.

பெற்றோர் ஒருநாள் மாலை, தம் பிள்ளைகளைக் கடவையருகே அழைத்துச் சென்று, பாதுகாப்பான தூரத்தில் நிற்கச் செய்வாராக. வண்டி கண்ணிற்பட்ட கணத்திலிருந்து அது கடவையை அடையும்வரை பிள்ளைகள் வாய்விட்டு எண்ணட்டும். அவ்வெண்ணிக்கை எத்துணைச் சிறியதென்பதை ஒருமுறை அறிந்த பிள்ளை, வளர்ந்து வாகனம் ஓட்டும் நாளிலும் அதனை மறவாது. தண்டப்பணத்துக்கு அஞ்சிக் கைக்கொள்ளும் ஒழுங்கு, பொலிசார் நிற்கும் சந்தியோடு முடிந்துவிடும். இவ்வாறு கண்டு கற்ற ஒழுங்கோ, காப்பாளர் இல்லாத கடவையிலும் துணைநிற்கும்.