எதற்கு வெளியே, வெளி வீதி?

(மதுரையில் குறுவள மைய அளவில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சாப்பாட்டுக்குப் பிந்தைய அமர்வை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். கண் அசருகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கல்விச் சுற்றுலா பற்றிப் பேசச் சொன்னார்கள். பஸ் ஏறாத ஒரு சுற்றுலாவைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதில் நான் செய்த ஒரு தவறும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் எட்டாம் வகுப்பில் ஐரோப்பா வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இத்தாலிக்குக் கிழக்கே அட்ரியாட்டிக் கடல். அதன் கரையில் குரோவேஷியா நாட்டில் துப்ரோவ்னிக் என்று ஒரு பழைய நகரம். படம் காட்டினால் மனதில் நிற்குமே என்று ஸ்மார்ட் போர்டில் ஒரு காணொலி போட்டேன். கடலை ஒட்டிக் கல் கோட்டை, உள்ளே செங்கல் நிறக் கூரைகள். கோட்டைச் சுவர் கிட்டத்தட்ட 1,940 மீட்டர், அதன் மேலேயே சுற்றி நடந்து வரலாம். 1667இல் பெரிய நிலநடுக்கம், 1991இல் போரில் குண்டுவீச்சு. இரண்டையும் தாண்டிச் சுவர் நிற்கிறது. 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற ஊர்.

பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, "மிஸ், எங்க வீடு வடக்கு வெளி வீதியில இருக்கு. வெளி வீதின்னா எதுக்கு வெளியே?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த வீதி வழியாகத்தான் பள்ளிக்கு வருகிறேன். "ஊருக்கு வெளியே இருந்திருக்கும்மா" என்று சமாளித்தேன். அவள் விடவில்லை. "ஊரு எங்க முடிஞ்சது மிஸ்?"

அன்று மாலை தேட ஆரம்பித்தேன். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கலாம். எனக்குத் தெரியாததை வெட்கமில்லாமல் சொல்கிறேன். கோட்டைக்கு வெளியே இருந்ததால் அது வெளி வீதி. துப்ரோவ்னிக்கைப் போல மதுரையும் சுவருக்குள் இருந்த நகரம்தான். நாயக்கர் காலக் கோட்டையில் 72 கொத்தளங்கள். ஒவ்வொன்றின் காவலுக்கும் ஒரு பாளையக்காரர் பொறுப்பு. சுவரைச் சுற்றி அகழி. 1840களை ஒட்டி, பிளாக்பர்ன் மாவட்ட ஆட்சியராக இருந்தபோதுதான் கோட்டையை இடித்தார்கள். உள்ளே நெரிசல், அகழியில் தேங்கிய தண்ணீர், நோய். இடித்து அகழியைத் தூர்க்க முன்வந்தவர்களுக்கு அந்த நிலத்திலேயே இடம் கிடைத்தது. அப்படி உருவான வீதிகளில் சிலவற்றுக்கு, நில அளவை செய்த மாரட் என்ற ஆங்கிலேயரின் பெயரும், இடிப்பு வேலையை முன்நின்று நடத்திய பெருமாள் மேஸ்திரியின் பெயரும் வைத்தார்கள். மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, தெற்கு மாரட் வீதி என்று இன்றும் பஸ் டிக்கெட் கேட்கிறோமே, அவைதான். மாரட் வீதி என்றால் மராட்டியர் குடியிருந்த வீதி என்று நானே ஒரு வகுப்பில் அடித்துச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் இப்போது கல்லூரியில் படிக்கிறார்கள். திருத்த வழியில்லை.

ஒரு கொத்தனாருக்கு வீதியில் பெயர் இருக்கிற ஊர் எத்தனை இருக்கும்? பிளாக்பர்னுக்கு நன்றியாக வைத்ததுதான் விளக்குத்தூண். அந்தப் பெயரில் காவல் நிலையம் இருக்கிறது, பஸ் நிறுத்தம் இருக்கிறது. தூணை நிமிர்ந்து பார்த்தவர் எத்தனை பேர் என்று இந்த அறையில் கை தூக்கச் சொன்னால் எனக்கே சங்கடமாகிவிடும்.

மறுநாள் வகுப்பில் பதிலைச் சொன்னேன். "அப்ப கோட்டையைப் பார்க்கப் போகலாமா மிஸ்?" என்றார்கள். இடித்ததைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எதைப் பார்ப்பது? ஆனால் தலைமை ஆசிரியர் சம்மதித்தார். ஒரு சனிக்கிழமை, 34 பிள்ளைகள், நானும் கணித ஆசிரியரும். பெற்றோர் ஒப்புதல் கடிதம், தண்ணீர் பாட்டில், தொப்பி. மாணவிகளுக்குக் கழிப்பறை எங்கே என்பதை முதல் நாளே நடந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன். வழியைத் திட்டமிடுவதில் பாதி வேலை அதுதான்.

காலை ஏழு மணிக்குப் பெரியார் பஸ் நிலையம் அருகே கூடினோம். மேல வெளி வீதியில் கோட்டையின் மிச்சம் ஒரு துண்டு நிற்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்து போகிற இடம். பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவன், "இவ்வளவுதானா?" என்றான். நியாயமான கேள்வி. துப்ரோவ்னிக்கைக் காட்டிவிட்டு இதைக் காட்டினால் அப்படித்தான் தோன்றும்.

பிறகு கிழக்கே, கோயிலைப் பார்த்து நடந்தோம். வெளி வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி, மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி. வெங்காயத்தை உரிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கடக்கலாம். கோயிலுக்குள் போனால் ஆடி வீதி. ஒவ்வொரு வீதிக்கும் இடையில் எத்தனை அடி என்று காலால் அளக்கச் சொல்லியிருந்தோம். யாருடைய கணக்கும் யாருடைய கணக்கோடும் ஒத்துவரவில்லை. கணித ஆசிரியர் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த வாரம் சராசரி பாடத்தை அதை வைத்தே நடத்தினார்.

மேல மாசி வீதியில் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறிய வீடு இருக்கிறது. இப்போது கீழே கதர்க் கடை. அதன் வாசலில் நின்றபோது ஒரு மாணவி, "சித்திரைத் திருவிழாத் தேர் ஏன் மிஸ் மாசி வீதியில ஓடுது?" என்று கேட்டாள். மதுரையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் வந்ததில்லை. மீனாட்சி அம்மனின் பெருவிழா முன்பு மாசி மாதத்தில் நடந்தது, திருமலை நாயக்கர்தான் அதைச் சித்திரைக்கு மாற்றினார் என்று சொல்வார்கள். விழா மாறியது, வீதியின் பெயர் மாறவில்லை. இந்த ஊரில் தடயங்களை ஆவணக் காப்பகத்தில்தான் தேட வேண்டும் என்பதில்லை. விலாசத்திலேயே இருக்கின்றன. எழுத்தாணிக்காரத் தெரு என்று ஒரு தெரு. எழுத்தாணி என்றால் என்ன என்று எட்டாம் வகுப்பில் மூன்று பேருக்குத்தான் தெரிந்திருந்தது. அரண்மனையின் முரசு முழங்கிய இடம் நவபத்கானா தெரு. மருதநாயகம் என்கிற யூசுப் கான் 1764இல் தூக்கிலிடப்பட்டார். அவர் பெயரை நினைவூட்டுவது கான்சா மேட்டுத் தெரு. பிள்ளைகளிடம் வீட்டுக்குப் போய் ரேஷன் கார்டைப் பார்த்து உங்கள் தெருப் பெயரை எழுதி வாருங்கள், பாட்டியிடம் காரணம் கேட்டு வாருங்கள் என்றேன். வந்த காரணங்களில் பாதி கதை. கதையையும் எழுதி வைத்தோம், பக்கத்தில் 'கதை' என்று குறித்து.

கோயிலின் கிழக்கே விட்டவாசல். பழைய பாண்டியர் கோட்டை வாசல்களில் ஒன்று. மற்றதை எல்லாம் எடுத்துவிட்டு இதை மட்டும் விட்டதால் விட்டவாசல் என்பார்கள். பக்கத்தில் புதுமண்டபம். திருமலை நாயக்கர் கட்டியது. பல காலம் தையல்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் அங்கே இருந்தார்கள், இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கிறார்கள். எனக்கு அங்கே ஒரு வருத்தம் உண்டு. தூண்கள் இப்போது நன்றாகத் தெரிகின்றன, உண்மைதான். ஆனால் தூணுக்குத் தூண் தையல் இயந்திரம் ஓடிய சத்தம் இல்லை. துப்ரோவ்னிக்கைப் பற்றிப் பிறகு படித்தபோது இது நினைவுக்கு வந்தது. அங்கே சுவர் பத்திரமாக இருக்கிறது, ஆனால் சுவருக்குள் குடியிருக்கிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். வீடுகள் விடுதிகளாகிக்கொண்டிருக்கின்றன. நம்மிடம் சுவர் இல்லை, ஆனால் உள்ளே ஊர் இருக்கிறது. கீழ மாசி வீதிக்குப் போகும்போது பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டு போனேன். இங்கே பார்க்க வேண்டியது கல் மட்டுமில்லை, வேலை செய்கிற மனிதர்கள் என்று. சொன்னது சரிதான். அடுத்து செய்ததுதான் சரியில்லை.

கீழ மாசி வீதி மொத்தப் பலசரக்குக் கடைகள் நிறைந்த வீதி. எட்டரை மணி. லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே லோடுமேன் ஒருவரைப் பார்த்தேன். என் வகுப்பு மாணவன் ஒருவனின் அப்பா. பெற்றோர் கூட்டத்தில் பார்த்த முகம். எனக்கு உற்சாகம். "அண்ணே, நம்ம பிள்ளைங்கதான். இந்த வேலையைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க" என்று கூப்பிட்டுவிட்டேன்.

அவர் தோளில் இருந்த மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்தார். அருமையாகப் பேசினார். எந்தச் சரக்கு எந்த ஊரிலிருந்து வருகிறது, மூட்டைமேல் இருக்கிற குறியை எப்படிப் படிப்பது, கழுத்தில் ஏற்றாமல் முதுகில் ஏற்றினால் என்ன ஆகும், தேர் ஓடும் நாளில் வீதி எப்படி இருக்கும். பிள்ளைகள் நோட்டை மறந்து கேட்டார்கள். அவருடைய மகன் மட்டும் எல்லோருக்கும் பின்னால், ஒரு கடை ஷட்டரை ஒட்டி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதன் பிறகு பத்துத்தூண் சந்து, மகால் என்று போனோம். 1636இல் கட்டிய அரண்மனையில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு பகுதிதான். பெரும்பகுதியைப் பேரன் சொக்கநாதர் திருச்சிக்குப் பெயர்த்துக் கொண்டு போனார். மிச்சத்தை 1866க்குப் பிறகு நேப்பியர் பிரபு செப்பனிட்டார். பத்துத்தூண்கள் துணிக்கடைகளுக்கு நடுவே நிற்கின்றன. இதையெல்லாம் சொன்னேன். ஆனால் என் கண் அந்தப் பையன் மேலேயே இருந்தது.

திங்கள், செவ்வாய் அவன் பள்ளிக்கு வரவில்லை. புதன்கிழமை வந்தான். மதியம் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "என்கிட்ட கேட்டுட்டுக் கூப்பிட்டிருக்கலாம்ல மிஸ்."

தொழிலுக்கு மரியாதை என்று நான் நினைத்தது, அவனுக்கு 33 பேர் முன்னால் அப்பாவின் வியர்வைச் சட்டையைக் காட்டியது போல ஆகியிருக்கிறது. அவன் அப்பாவைப் பற்றி வெட்கப்பட்டான் என்று அவனைத் திருத்தப் புறப்படுவது எளிது. நான் அதைச் செய்யவில்லை. தப்பு என்னுடையது என்று சொன்னேன். சுற்றுலா அறிக்கையில் பிள்ளைகள் கீழ மாசி வீதி பற்றி எழுதியிருந்ததைச் சுவரில் ஒட்டுவதற்கு முன் அவனிடம் காட்டினேன். அப்பா என்று எழுதியிருந்த இடத்தில் 'ஒரு தொழிலாளர்' என்று மாற்றச் சொன்னான். மாற்றினோம்.

கிராமப்புறப் பள்ளி ஆசிரியர்கள், உங்களுக்கு மாசி வீதி இருக்கிறது, எங்களுக்கு என்ன இருக்கிறது என்று நேற்றுத் தேநீர் வேளையில் கேட்டார்கள். மேலூர் பக்கம் மாங்குளம் மலையில் நெடுஞ்செழியன் பெயரோடு 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழி எழுத்து இருக்கிறது. கீழக்குயில்குடி சமணர் மலையில் வட்டெழுத்து இருக்கிறது. கீழடி பக்கத்தில்தான். அதுவும் வேண்டாம் என்றால் உங்கள் கண்மாயின் மடையும் கலுங்கும் போதும். யார் வெட்டியது, எந்த வயலுக்குத் தண்ணீர் முதலில் போகும், யாருக்குக் கடைசியில் போகும் என்று பிள்ளைகள் கேட்டுப் பார்க்கட்டும். அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது உங்கள் வகுப்பில் யார் தலை குனிகிறார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள். எனக்கு அது தெரியாமல் போயிற்று.

போன ஆண்டு மறுபடி நடைக்கு ஏற்பாடு செய்தேன். அவன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. வராந்தாவில் வந்து நின்றான்.

"மிஸ், எட்டாம் வகுப்பை எப்போ கூட்டிட்டுப் போறீங்கன்னு அப்பா கேட்டார்."

"எதுக்குப்பா?"

"போன தடவை பேசினதை வீட்ல இன்னும் சொல்லிட்டே இருக்கார்."

"நீ என்ன சொல்றே? அந்த வழியாப் போகட்டுமா, வேண்டாமா?"

கொஞ்ச நேரம் யோசித்தான்.

"ஒன்பது மணிக்கு மேல வாங்க மிஸ். அப்ப லோடு முடிஞ்சு, சட்டை மாத்திட்டு, டீக்கடையில உக்காந்திருப்பார்."

நாங்கள் ஒன்பதே காலுக்குப் போனோம்.