ஊற்றுக்கண்ணில் வாழும் ஓட்டுடலிகள்: தலைமை உரை



விலங்கியல் கருத்தரங்கை உதியன்குளங்கரையில் ஏன் கூட்ட வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே, கிணறில்லாத வளாகத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வெட்டுக்கல்லின் துளைகள் வழியே கசிந்து ஊறும் நீர் இது. நம் ஆய்வுக்கு ஏற்ற களமும் இதுதான்.

இறாலுக்கும் நண்டுக்கும் உறவான நுண்ணிய ஓட்டுடலிகள் நன்னீரெங்கும் உண்டு. குளத்து நீர்த்தெள்ளு, சேறு காய்ந்தாலும் கெடாத முட்டையை இடும். அது பறவைக் காலில் ஒட்டியும் காற்றில் பறந்தும் ஊர்விட்டு ஊர் போய்விடும். மணலிடுக்கிலும் ஊற்றுக்கண்ணிலும் வாழும் பாத்தினெல்லாவின் கதை வேறு. நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். கண் கிடையாது, நிறம் கிடையாது, நீரோடு மிதந்து பரவும் இளம்பருவமும் கிடையாது. கடலைக் கடக்க அதற்கு வழியே இல்லை. ஆகவே அது இருக்கும் இடம் பழைய நிலத்தின் சாட்சியாகிறது.

இந்த வகையின் முதல் உயிரியை 1882-இல் வெய்தோவ்ஸ்கி பிராக் நகரத்துக் கிணறு ஒன்றிலிருந்து விவரித்தார். 2002-இல் ஆச்சார்ய நாகார்ஜுனா பல்கலைக்கழகத்தின் ரங்கா ரெட்டி, ஆந்திரத்தில் கிடைத்த ஹாப்ரோபாத்தினெல்லா நாகார்ஜுனையை உலகுக்கு அறிவித்தார். அதே பேரினம் மடகாஸ்கரிலும் வாழ்கிறது. இரு நிலங்களும் பிரிந்து ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

காசிக் கிணறுகளிலிருந்து சோப்ராவும் திவாரியும் 1950-இல் விவரித்த நிக்கோல்சியா என்ற வேறொரு ஓட்டுடலியும் இதே கதையைத்தான் சொல்கிறது. அதன் உறவுகள் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருக்கின்றன. நியூசிலாந்துக் கிணற்றிலிருந்து சில்ட்டன் 1883-இல் விவரித்த உயிரியும் அந்த வரிசையைச் சேர்ந்ததே. காசிக் கிணற்றுக்கும் நியூசிலாந்துக் கிணற்றுக்கும் உறவு சொல்லும் உயிர் இது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நம் பரவல் வரைபடங்களில் புள்ளி இல்லாத இடத்தை உயிர் இல்லாத இடம் என்று படித்துவிடுகிறோம். புள்ளிகள் பெரும்பாலும் தேடியவர்கள் நடந்த வழியைத்தான் காட்டுகின்றன. ரத்னகிரிக் கிணற்று நீரில் கிடைத்த குருட்டு இறாலை 1979-இல் சங்கொல்லியும் ஷெனாயும் விவரித்தார்கள். அதுவும் வெட்டுக்கல் நாடுதான். 2023-இல் கேரளத்தில் விவரிக்கப்பட்ட நிலத்தடிக் கெளிறு ஹோராக்ளானிஸ் பாப்புலை, தங்கள் கிணற்றில் கண்டதைப் பொதுமக்கள் எடுத்துச் சொன்னதால் அறிவியலுக்கு வந்தது. மீனுக்கு நடந்தது ஓட்டுடலிக்கும் நடக்க வேண்டும்.

1956-இல் மாநில எல்லைக்கோடு வகுத்தபோது பக்கத்து விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நிலத்தடி நீருக்கு அந்தக் கோடு தெரியாது. எல்லைக்கு இருபுறமும் ஒரே முறையில் மாதிரி எடுத்தாலன்றி நம் வரைபடம் அரைகுறையாகவே இருக்கும்.

கிணற்றில் பூச்சி என்று கேட்டதும் ப்ளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டுபவர்களிடம் நாம் பொறுமையாகப் பேச வேண்டும். நரம்புச்சிலந்தி நோயைச் சுமந்தது சைக்ளாப்ஸ் என்ற ஓட்டுடலிதான், ஆகவே அவர்களுடைய அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் துணியில் வடிகட்டியும் காய்ச்சியும் குடித்தால் சைக்ளாப்ஸால் வரும் அந்த ஆபத்து நீங்கும். 2000-இல் இந்தியா அந்நோயற்ற நாடாகவும் அறிவிக்கப்பட்டது. ஊற்றுயிர்களுக்கு உண்மையான கேடு வேறிடத்திலிருந்து வருகிறது. குன்றை இடித்துச் செம்மண் அள்ளும்போது, நீரைப் பிடித்துவைக்கும் வெட்டுக்கல் அடுக்கே போய்விடுகிறது.

ஆகவே என் வேண்டுகோள் இது. வரும் கோடையில் கிணறு இறைக்கும் வீடுகளில், கடைசியாக ஊறிவரும் நீரை நுண்வலையில் வடிப்போம். வடிந்ததைச் சாராயத்தில் இட்டு, இடம், நாள், கிணற்றின் ஆழம் எழுதி வைப்போம். அதைச் செய்யும் முறையைத்தான் முதல் அமர்வு கற்றுத்தரப் போகிறது. கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.